ஒருவனுக்கு ஒருத்தி என்பது உயிரின் இயல்போ?

திருமயிலைக் கபாலீச்சரத்திற்கு அணித்தாகவுள்ள ஓர் இல்லத்தில் அன்பர் சிலர் வாரந்தோறும் கூடிப் பெரியபுராணம் ஓதிப் பொருள் ஆராய்ந்து வருகின்றனர். சில திங்களுக்கு முன்னர் அவ்வவையில் யாம் திருநீலகண்டக் குயவனார் வரலாற்றை விரித்துரைத்து முடித்தகாலை, தியாகராய நகரினின்றும் வந்திருந்த இளைஞர் ஒருவர் எழுந்து வணங்கி ஒரு கடாவை நிகழ்த்தினார்.

"ஐயா, நாயனாரது உறுதி வியக்கத்தக்கதே. ஆயினும் ஒருவன் ஒருத்தியோடன்றிப் பிறரை நாடாதிருத்தல் மனிதனுக்கு இயற்கையன்று என உயிர்நூல் வல்லார் பலர் கூறுகின்றனர். இயற்கையல்லாத ஒன்றை அறம் என்று விதித்து, அதனைக் கடந்தாரைப் பழித்தல் முறையாகுமா?" என்பது அவர் கடா. அவர் அதனைக் குறும்பாக வினவவில்லை. கற்றதும் கேட்டதும் தம்முள் முரண்பட்டமையால் உளம் வருந்தியே வினவினார்.

அவர் அமர்ந்தபின், அடையாற்றினின்றும் வந்து எப்பொழுதும் வாய் திறவாது கேட்டுச் செல்லும் முதிய அம்மையார் ஒருவர் பேசலானார். "ஐயா, என் மகளோடு பன்னிரண்டு ஆண்டு வாழ்ந்து இரண்டு மக்களையும் பெற்றபின் அவளை விட்டுப் போனவரும் இந்தத் தம்பி சொன்ன சொல்லைத்தான் சொன்னார். 'இது மனித இயற்கை, இதற்கு நான் என்ன செய்வேன்' என்றார். இயற்கை என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்குமேல் அவரைக் கேட்க வழியே இல்லையா? அதை மட்டும் எனக்குச் சொல்லுங்கள்" என்றார்.

அன்று யாம் கூறிய விடை எமக்கே நிறைவளித்திலது. கடாவியவர் இருவர்; ஒருவர் அறிவு நிறைவையும், மற்றொருவர் ஆறுதலையும் வேண்டினார். எனினும் இருவர்க்கும் உரிய விடை ஒன்றே என்பது பின்னர்ச் சிந்தித்துழித் தெளிவாயிற்று. அதனை ஈண்டு முறைப்படுத்தி எழுதுகின்றாம்.

இயல்பு என்னும் ஒரு சொல் இவ்வழக்கில் மூன்று பொருள்பட வழங்குகின்றது. உடம்பின் இயல்பு ஒன்று. மக்கட் கூட்டத்தின் வழக்கு ஒன்று. உயிரின் இயல்பு ஒன்று. ஒன்றற்குரிய சான்றினை மற்றொன்றன்மேல் ஏற்றிக் கூறுதலாலேயே இங்கு மயக்கம் விளைகின்றது. ஆகலின் இம்மூன்றனையும் வேறுவேறாக எடுத்து ஆராய்தல் வேண்டும்.

முதற்கண் உடம்பினை நோக்குவாம். இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. 1978ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்ற கிண்டிக் காட்டில் வெளிமான்கள் வாழ்கின்றன. அவற்றுள் வலிமிக்க கலை, தனக்கென ஓர் எல்லை வகுத்துப் பிற கலைகளைத் துரத்தி, அவ்வெல்லையுட் புகும் பிணைகள் பலவற்றோடும் கூடும். நம் தெருமரங்களில் கூடு கட்டும் காக்கையோ ஆணும் பெண்ணுமாய் இணைந்து நின்று குஞ்சினைப் பேணும். அக்காக்கையின் கூட்டிலேயே முட்டையிட்டு அகலும் குயிலுக்குத் தன் குஞ்சினைப் பேணும் தொழிலே இல்லை. மயிலைக்குப் பெயர் தந்த மயிலினத்திலோ, சேவல் தோகை விரித்தாடித் தன்னை நாடிவரும் பெடைகள் பலவற்றோடும் கூடுவதன்றி, அடைகாத்தலிலும் குஞ்சு வளர்த்தலிலும் பங்கு கொள்வதில்லை. இவை யாவும் இயற்கையே. இவற்றுள் எதனை மனிதன் தனக்கு முறையாகக் கொள்வது?

உயிர்நூலார் கண்ட எண்களும் இவ்வாறே இருமருங்கும் சாய்கின்றன. பறவையினங்களுள் பத்தில் ஒன்பது பங்கு இணைகூடி வாழ்வன என முன்னர்க் கணக்கிட்டனர். 1980களின் பின்னர் மரபணு ஆய்வு வந்தகாலை, அங்ஙனம் இணைந்து வாழும் பறவைகள் பலவற்றின் கூடுகளில் வேறு சேவலுக்குப் பிறந்த குஞ்சுகளும் உளவென்பது வெளியாயிற்று. பாலூட்டிகளைப் பற்றி 2013ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, ஏறத்தாழ 2,500 இனங்களை எடுத்து நோக்கி, நூற்றில் ஒன்பதே இணைகூடி வாழ்வன என்று கண்டது. மனிதவுடம்போ நடுவிடத்தில் நிற்கின்றது. ஓர் ஆண் பெண் பலவற்றைக் கொண்டு வாழும் கொரில்லாக் குரங்கினத்தில் ஆண், பெண்ணினும் ஏறத்தாழ இருமடங்கு நிறையுடையது. இணைகூடி வாழும் கிப்பன் குரங்கினத்தில் இருபாலும் ஏறக்குறைய ஒத்த நிறையின. மனிதருள் ஆடவர் மகளிரினும் சிறிதே பெரியர். மேலும் மனிதக் குழவி பல்லாண்டு பிறர் பேணுதலை வேண்டி நிற்பதாகலின், தாயும் தந்தையும் உடனிருந்து வளர்த்தற்கேற்ற பற்றும் அவ்வுடம்பில் அமைந்துள்ளது. இணைந்து நிற்றற்குரிய ஆற்றல் மனிதவுடம்பில் உண்டு. பிறரை நாடுதற்குரிய ஆற்றலும் உண்டு. உடம்பைச் சான்றாக அழைத்தால் அது இருவழக்கினர்க்கும் ஒருங்கே சான்று பகரும். இருமருங்கும் பேசும் சான்றினைக் கொண்டு தீர்ப்புக் கூறும் நீதிபதி இலர்.

இனி, மக்கட் கூட்டத்தின் வழக்கினை நோக்குவாம். மர்டாக் என்னும் மானிடவியலார் 1967ஆம் ஆண்டில் தொகுத்து வெளியிட்ட பட்டியல், உலகின் பல பகுதிகளினின்றும் எண்ணூற்றுக்கு மேற்பட்ட சமுதாயங்களைக் குறிக்கின்றது. அவற்றுள் நூற்றில் எண்பதுக்கு மேற்பட்டன ஒருவன் பல மனைவியரைக் கொள்ளுதலை ஒப்பியனவே. ஆயினும் அங்ஙனம் ஒப்பிய சமுதாயங்களிலும் பெரும்பாலான ஆடவர் ஒரு மனைவியோடு வாழ்ந்தமையே கண்கூடு. நம் நீலகிரித் தோதவரிடத்து உடன்பிறந்தார் பலர்க்கு ஒருத்தி மனைவியாகும் வழக்கமும் முற்காலத்தில் இருந்தது. எனவே வழக்கும் ஒருநெறிப்படவில்லை.

நம் தமிழ் முன்னோர் இதனை அறியாதாரல்லர். தொல்காப்பியனார் கற்பியலுள், காதலித்துக் கூடியபின் இல்லையென மறுக்கும் பொய்யும், கொண்ட கடப்பாட்டினின்றும் வழுவும் பிழையும் மக்களிடையே தோன்றிய பின்னரே பெரியோர் மணச்சடங்கினை வகுத்தனர் எனக் காரணங் காட்டினார். இதனை ஊன்றி நோக்குதல் வேண்டும். ஒருவனை ஒருத்திபால் நிறுத்தற்கு இயற்கையே போதுமாயின் சடங்கு வேண்டப்படாது. இயற்கை போதாமை கண்டே சான்றோரும் சுற்றத்தாரும் அறியச் சடங்கு நிகழ்த்தி, ஒருவன் சொல்லுக்குப் பலரைச் சான்றாக்கினர். பரத்தையிற் பிரிவினை அந்நூல் ஓதுதலும் உலகில் நிகழ்வதனை மறையாது கூறியவாறேயன்றி, அதனை அறமென நாட்டியவாறன்று. மயிலையில் தோன்றினார் என வழிவழிப் பேசப்பெறும் திருவள்ளுவனாரும் பிறன் மனையை நயவாமையை இல்லறவியலுள் ஓர் அதிகாரமாகவே வைத்தார். மனிதர்க்கு எவ்வாற்றானும் வாராததொரு குற்றத்தை விலக்குதற்கு அதிகாரம் வகுப்பார் இலர்.

சட்டத்தின் வரலாறும் இதனையே காட்டும். சென்னை மாகாணத்தில் இந்து ஆடவன் ஒருவன் மனைவி உயிரோடிருக்கவே மற்றொருத்தியை மணத்தலை 1949ஆம் ஆண்டின் சென்னைச் சட்டம் விலக்கிற்று. அச்சட்டமே மணமுறிவுக்கும் வழி வகுத்தது. அதனையொத்த பம்பாய்ச் சட்டம் 1946ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டிருந்தது. மகப்பேறு கருதி மறுமணம் செய்தல் தம் சமயவுரிமை என்னும் வாதம் அதற்கெதிராக எழுந்தபொழுது, மகவில்லாதார் தத்தெடுத்தற்கு இடமுண்டு என்பதனையும் எடுத்துக்காட்டி, பம்பாய் உயர்நீதிமன்றம் 1951ஆம் ஆண்டில் அச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் நாடு முழுமைக்கும் இதனை நிலைநாட்டிற்று. மறுபுறம், பிறன் மனைவியைக் கூடினானைத் தண்டிக்கும் பழைய பிரிவு, கணவனது இசைவு இருப்பின் குற்றமில்லையெனக் கூறி மனைவியை உடைமைப்பொருள் போல வைத்திருந்தமையால், 2018ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றத்தால் நீக்கப்பட்டது. எனவே இன்று சட்டம் இரண்டாம் மணத்தைத் தண்டிக்கும். மனம் பிறழ்ந்தானைச் சிறையிடாது. சட்டம் விட்ட இடத்தில் ஒருவனைத் தடுத்து நிற்கவேண்டுவது அவனது நெஞ்சமேயாகும். அந்நெஞ்சிற்கு நாம் கூறுவது யாது? இவ்விடத்திலேதான் சித்தாந்தம் தன் விடையைத் தருகின்றது.

உயிரின் இயல்பு யாதென ஆராய்ந்த மெய்கண்ட சாத்திரங்கள், உயிரானது சார்ந்ததன் வண்ணமாய் நிற்பது என்று துணிந்தன. பளிங்கு தான் அடுத்த பொருளின் நிறத்தைத் தன் நிறமாகக் காட்டும். செம்மலரை அடுப்பின் சிவக்கும்; கருமலரை அடுப்பின் கறுக்கும். சிவந்தமை கண்டு சிவப்பே பளிங்கின் இயல்பு என்பானும் பிழைத்தான். கறுத்தமை கண்டு கருமையே அதன் இயல்பு என்பானும் பிழைத்தான். சாரப்பெற்றதன் நிறத்தை ஏற்றலே அதன் இயல்பு. சத்தும் அசத்தும் அல்லாது, இரண்டையும் சார்ந்து அறிதலின் உயிரைச் சதசத்து என்றதும் இக்கருத்தே பற்றி. ஆகவே ஒருவனுக்கு ஒருத்தி என்பது உயிரின் இயல்போ எனின், அன்று என்பதே சித்தாந்த விடை. பலரை நாடுதல் உயிரின் இயல்போ எனின், அதுவும் அன்று என்பதே விடை.

அற்றேல், பலரை நாடும் விழைவு எங்கிருந்து வருகின்றது என வினவலாம். உயிரின் இச்சையை எழுப்பி விடயங்களின்பால் உந்துவது அராகம் என்னும் தத்துவம். அது அசுத்த மாயையினின்றும் தோன்றி உயிருக்குச் சட்டை போல அமைந்த பஞ்சகஞ்சுகத்துள் ஒன்று. அது கருவியேயன்றி உயிர் அன்று. விழைவினை எழுப்புதல் அதன் தொழில். இவளையே நாடு என்றோ, பலரை நாடு என்றோ அது விதிப்பதில்லை. தன்னை உந்தும் கருவியைத் தானெனக் கருதும் மயக்கம் ஆணவத்தின் செயல். 'இது என் இயற்கை' என்று கூறிப் போந்தவர், தம் சட்டையைத் தம் உடம்பென்றும் உடம்பைத் தம் உயிரென்றும் எண்ணியவரே யாவர். அராகத்தோடு நியதி என்னும் தத்துவமும் உடன் வைக்கப்பட்டது. அவ்வவர் செய்த வினையின் பயன் அவ்வவரையே சார நிறுத்துவது அது. விழைவு கருவியால் எழுந்ததாயினும், அவ்விழைவின் வழிச் சென்ற செயலின் பயன் கருவியை அடையாது. சென்ற உயிரையே அடையும். இயற்கையின்மேற் பழி சுமத்தித் தாம் தப்பலாம் என்பார்க்குச் சித்தாந்தத்தில் இடமில்லை.

சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பாயின், எதனைச் சார்தல் என்பதே அறத்தின் வினாவாகின்றது. மனைவியிடத்துக் கொடுத்த வாக்கினைச் சார்ந்து நின்ற உயிர் நாளடைவில் அவ்வாக்கின் வண்ணமாகும். நொடிதோறும் மாறும் விழைவினைச் சார்ந்த உயிர் அவ்விழைவின் வண்ணமாகி, எவரிடத்தும் நில்லாது. ஒருமை உயிருக்குப் பிறப்பிலே அமைந்ததன்று, சார்பினால் ஈட்டப்படுவது. ஈட்டப்படுவதாகலினாலேயே அது சிறப்புடைத்து. காக்கை தன் இணையோடு நிற்றற்குப் புகழுமில்லை. மயிற்சேவல் நில்லாமைக்குப் பழியுமில்லை. மனிதனுக்கு இரண்டும் உண்டு.

திருநீலகண்டக் குயவனார் வரலாறு இதற்கு நேர்ச்சான்று. அவர் ஒருமையோடு பிறந்தாரல்லர். சிவனடியார்க்கு ஓடு வனைந்தளிக்கும் அன்பராயினும், இளமையின்பத்துறையில் எளியராய்ப் பரத்தையின் மனை புகுந்தவர் என்றே சேக்கிழார் பெருமான் மறையாது கூறுகின்றார். அதனை அறிந்த மனைவியார் மனையறத்துக்குரிய பணிகள் யாவும் குறைவறச் செய்தார். உடனுறைதல் ஒன்றனை மட்டும் மறுத்தார். கணவனார் நெருங்கி இரந்தபொழுது, இறைவனது திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டுத் தம்மைத் தீண்டாதொழிகவென்றார். அங்ஙனம் கூறுங்கால் தம்மைப் பன்மையாற் கூறினார். அப்பன்மையைக் கேட்ட நாயனார், ஆணை மனைவி ஒருத்தியின் அளவில் நில்லாது மாதர் அனைவரையும் சாரும் எனப் பொருள் கொண்டு, மனத்தானும் எவரையும் தீண்டேன் எனத் துணிந்தார். ஓரில்லத்திலேயே இருவரும் இளமை கழிந்து முதுமை எய்துமளவும் அந்நிலையில் வாழ்ந்தனர். பின்னர்ச் சிவயோகியாய் வந்த பெருமான், தாம் வைத்த ஓட்டினை மறைத்து வழக்கிட்டு, மனைவி கைப்பற்றிக் குளத்தில் மூழ்கி மெய்ம்மை காட்டுக என்றபொழுது, இருவரும் ஒரு மூங்கிற்றண்டின் இருதலையைப் பற்றிக்கொண்டே இறங்கினர். காரணம் வினாவப்பட்டபொழுது நாயனார் தம் பழைய பிழையைப் பலரறியக் கூறினார். மூழ்கி எழுங்கால் இருவரும் இளமை பெற்றனர். தில்லையில் அக்குளம் இன்றும் இளமையாக்கினார் குளம் என்று வழங்குகின்றது.

இவ்வரலாற்றில் யாம் முன்னர் ஊன்றி நோக்காத இரண்டினை அவ்வம்மையாரின் கடா எமக்குக் காட்டிற்று. ஒன்று, நாயனாரை மாற்றியது உடம்பின் இயற்கையன்று, ஒரு சொல். அச்சொல்லைச் சார்ந்து நின்றமையால் அவருயிர் அதன் வண்ணமாயிற்று. மற்றொன்று, அச்சொல்லைக் கூறியவர் மனைவியார். பிழைத்த கணவனைப் பொறுத்து ஒடுங்கியிருத்தலே கற்பு என்று அவர் கருதவில்லை. தமக்குரிய எல்லையைத் தாமே வகுத்தார். இறைவன் அவ்வெல்லையை அழித்திலன். அதனை ஏற்று, அதன் பயனாகவே இருவர்க்கும் அருள் புரிந்தான். கணவன் எவ்வழி ஒழுகினும் மனைவி மட்டும் ஒருமை காத்தல் வேண்டும் என்று சைவம் கூறிற்று என்பார், நாயன்மார் வரிசையில் முன்னிற்கும் இவ்வரலாற்றை ஒருமுறை மீள ஓதுக.

நிற்க. இவ்விடத்து ஒரு பெருந்தடை எழும். நம்பியாரூரர் திருவாரூரிற் பரவையாரையும் திருவொற்றியூரிற் சங்கிலியாரையும் மணந்தனரன்றோ. தம்பிரான்தோழர்க்கு ஒத்தது பிறர்க்கு ஒவ்வாதது எங்ஙனம் என்பதே அத்தடை. இதனை நம்மவர் பலர், கயிலையில் ஆலாலசுந்தரர் அநிந்திதை கமலினி என்னும் இருவர்பாலும் மனம் போக்கியமையின் விளைவு அது எனக் கூறி அமைவர். அக்காரணம் மெய்யே. எனினும் அவ்வளவில் நின்றுவிடின், சேக்கிழார் பெருமான் பின்னர் விரித்துக் காட்டியதனைக் காணாதொழிவோம்.

சங்கிலியாரை மணக்குங்கால், அவரைப் பிரியேன் எனச் சூளுறுமாறு ஆரூரர் வேண்டப்பட்டார். அவரோ திருக்கோயிலின் உள்ளே சூளுறும்பொழுது இறைவன் அவ்விடம் விட்டு மகிழின்கீழ் எழுந்தருளுமாறு வேண்டிக்கொண்டார். இறைவன் அதற்கு இசைந்து, சங்கிலியார் கனவில் தோன்றி, மகிழின்கீழே சூளுறச் செய்யுமாறு உணர்த்தினான். தோழனுடைய சூழ்ச்சிக்கு உடம்பட்டவன் போலிருந்தே, அச்சொல் பொய்யாதிருத்தற்கு வழியும் செய்தான். பின்னர் ஆரூர் நினைவால் ஒற்றியூரின் எல்லையைக் கடந்த அளவிலே நம்பிகள் இருகண்ணும் ஒளியிழந்தார். தூது செல்லவும் பொன் தரவும் உடன்பட்ட பெருமான், சூள் பொய்த்தலுக்கு மட்டும் உடன்பட்டிலன். கச்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் மற்றொரு கண்ணுமாக, இரந்து பாடியே அவர் ஒளி பெற்றார்.

அவ்வளவிலும் அமையவில்லை. ஒற்றியூர் நிகழ்ச்சியைக் கேட்டறிந்த பரவையார் ஆரூரரை ஏற்க மறுத்தார். பெருமானே நள்ளிரவில் ஆதிசைவ அருச்சகர் வடிவில் அவர்பால் தூது சென்றான். அம்முறை பரவையார் இசையாது மறுத்துவிட்டார். மீண்டும் தன் உண்மை வடிவில் சென்றபொழுதே அவர் இசைந்தார். ஒரு பெண்ணின் நெஞ்சில் நேர்ந்த புண்ணுக்காகத் திருவாரூர்த் தெருவில் இறைவன் திருவடி இருமுறை நடந்தன. இறைவனைத் தூதாக ஏவிய அச்செயலைக் கேட்டு ஏயர்கோன் கலிக்காமனார் கொண்ட கடுஞ்சினத்தையும் சேக்கிழார் பெருமான் மறைத்திலர். எனவே ஆரூரர் வரலாறு பலமணத்திற்கு உரிமைச் சீட்டு அன்று. அருளாளரேயாயினும் கொடுத்த சொல்லினின்றும் நீங்கினார்க்குத் துன்பம் வரும். புண்பட்டவர் சினம் இறைவனாலும் மதிக்கப்படும் என்பனவே அதனால் நாம் அறியற்பாலன. ஒற்றியூரை விட்டு நீங்கியதன் பயனை ஏற்றது நம்பிகளது கண். இன்று 'இயற்கை' எனக் கூறி நீங்குவார் அங்ஙனம் எதனையும் இழக்க உடன்படுவதில்லை. இழப்பனைத்தையும் விடப்பட்டாரே தாங்குகின்றனர்.

மயிலையில் நிகழ்ந்த அருட்செயலும் இக்கருத்துக்கு அரண் செய்யும். சிவநேசர் தம் மகள் பூம்பாவையாரை ஞானசம்பந்தப் பிள்ளையார்க்கே உரியள் என உறுதி செய்திருந்தார். அரவு தீண்டி இறந்த அம்மகளின் என்பினைக் குடத்திலிட்டு அவர் வைத்திருக்க, பிள்ளையார் பாடியருள, என்பு பெண்ணுருவாயிற்று. சிவநேசர் மணஞ்செய்தருள வேண்டியபொழுது, தம்மால் உயிர் பெற்றமையின் அவள் தமக்கு மகள்முறையினள் என்று பிள்ளையார் மறுத்தருளினார். உடம்பின் இயற்கையை மட்டும் நோக்கின் அம்மணத்திற்குத் தடையொன்றுமில்லை. முறை என்னும் அறிவொன்றே அதனை விலக்கிற்று. ஆண்டுதோறும் பங்குனிப் பெருவிழாவில் அறுபத்துமூவர் திருநாளன்று கபாலீச்சரத்தில் இந்நிகழ்ச்சியைக் கண்டு கைதொழுகின்றோம். கைதொழுது மீளும் நாம், உறவு முறையைக் கண்டு விழைவு அடங்குதல் மக்கட்கு இயலாதது என்று எவ்வாறு கூறுவது?

இனி, ஒருமை என்பது பிறரை நாடாமை என்னும் எதிர்மறை அளவில் அமைவதன்று என்பதனையும் கூறுதல் வேண்டும். சித்தாந்தம் கூறும் அத்துவிதம், ஒன்றாதலும் அன்று, வேறாதலும் அன்று, இரண்டு பொருள்கள் தம் தன்மை கெடாதே பிரிப்பின்றி நிற்றல். தாளும் தலையும் புணர்ந்து தாடலை என ஒரு சொல்லாய் நிற்பினும் இருபொருளும் உள்ளனவாதலை அதற்கு உவமையாக நம் ஆசிரியர் காட்டினர். இறைவனோடு உயிர் அடையும் அந்நிலைக்கு மனைவாழ்க்கை ஒப்பாகாது. எனினும் அதற்குப் பயிற்சியாதல் கூடும். ஒருவன் தன் மனைவியைத் தனக்குள் அடக்கி அவள் வேறன்மையை மட்டும் கொள்வானாயின் அது ஆட்சி. இருவரும் வேறாய் நின்று ஓரில்லத்தில் உண்டுறங்குவாராயின் அது விடுதி. தானும் கெடாது, மற்றவரையும் கெடுக்காது, நாள்தோறும் தன்முனைப்பைச் சிறிது சிறிதாகக் குறைத்து நிற்றலே மணத்தின் ஒருமை. ஆணவத்தின் வலி அடங்குதற்கு இல்லறத்தைக் காட்டிலும் அணித்தான பயிற்சிக்களம் மனிதர் பெரும்பாலார்க்கு வேறில்லை. புதியதொரு முகத்தை நாடிச் செல்பவன் இழப்பது பழைய முகத்தை மட்டுமன்று. தன் முனைப்பு கரையுமிடத்தையும் இழக்கின்றான்.

அற்றேல், விடப்பட்டவர் என் செய்வது? கொடுத்த சொல் கொடுத்தவரைப் பிணிக்கும். அதனை அவர் முறித்தபின் மற்றவரையே அது பிணித்து வருத்தும் என்றல் நேர்மையன்று. திருநீலகண்டரின் மனைவியார் எல்லை வகுத்தார். பரவையார் முதற்றூதினை மறுத்தார். சட்டமும் மணமுறிவுக்கும் வாழ்க்கைப் பொருளுக்கும் வழி வகுத்துள்ளது. அவ்வழியை நாடும் பெண்ணைக் குறைகூறுதல் சைவர்க்கு அழகன்று. கைவிடப்பட்ட மகளிர்க்கும் சிறுமியர்க்கும் புகலாக மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி நிறுவிய அவ்வை இல்லம் அடையாற்றிலே அமைந்தது. ஆடவர் பலர் 'இயற்கை' என்று கூறிக் கைகழுவியதன் விலையை யார் கொடுத்தனர் என்பதனை அறிய விழைவார், அத்தகைய இல்லங்கள் ஏன் வேண்டப்பட்டன என்பதனை எண்ணுக.

இப்பொழுது அவ்விருவர்க்கும் எம் விடையைச் சுருங்கக் கூறலாம். இளைஞரே, உயிர்நூலார் கண்டது பொய்யன்று. உடம்பு ஒருமையைத் தன்னளவில் உறுதி செய்யாது. அதனால் ஒருமை பொய்யாகிவிடாது. எழுத்தறிதலும் உடம்பில் பிறப்போடு வந்ததன்று, கற்று வந்தது. அங்ஙனம் வந்ததன்மேல் நாம் வாழ்வினையே அமைத்துள்ளோம். அம்மையே, நும் மகளை விட்டுச் சென்றவர் கூறிய சொல் அவரைக் காக்காது. இயற்கை அவருக்கு இருவழியையும் திறந்து வைத்தது. ஒன்றனைத் தேர்ந்தவர் அவரே. ஆகலின் அவரை வினவுதற்கு நுமக்கும், நும் மகட்கும், அம்மக்கள் இருவர்க்கும் முழுவுரிமை உண்டு.

கபாலீச்சரத்துத் திருக்கோயிலில் புன்னையின் கீழ் அம்மை மயிலுருக்கொண்டு இறைவனை வழிபட்ட காட்சியைக் காட்டும் சந்நிதி ஒன்றுளது. அவ்வழியே வலம் வரும்பொழுதெல்லாம் இக்கடா எமக்கு நினைவுக்கு வருகின்றது. மயிலினத்துக்கு இணை காத்தல் இயல்பன்று என்று மேலே கண்டாம். அம்மை தன் நாயகனையன்றி வேறொன்றும் நினையாது தவமிருந்ததோ அவ்வுருவிலேயே. உருவம் மயிலினுடையது, ஒருமை அவ்வுருவால் வந்ததன்று. அச்சந்நிதியின்முன் நின்று வணங்கும் நாம், நமக்கு வாய்த்த உருவத்தினை எடுத்துக்காட்டி நம் சொல்லினின்றும் தப்ப நினைத்தல் தகாது.

திருச்சிற்றம்பலம்.